இனி அது எதுக்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆம்பளைப் பசங்க “இது பொம்பளைங்க சமாச்சாரம்”னு தள்ளிட்டுப் போயிடாதீங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இதில் வருகிற என் வீட்டுப் பெண்கள் இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர்கள் பெயரை யாரும் கமெண்டில் போட வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை சொந்தத்தில் ஒரு வீட்டில் பால்காய்ப்பு. பந்தியில் என் பக்கத்தில் தம்பி மனைவி உட்கார்ந்தாள். வயது 58. மாதவிடாய் நின்று ஒன்பது வருடம் ஆகிறது. சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

“மதினி, வர்ற வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன்.”

“என்ன ஆபரேஷன்?”

“கர்ப்பப்பை இறங்கியிருக்கு. எடுக்கணும்னுட்டாங்க.”

கர்ப்பப்பை இறக்கம் அவளுக்கு நாலு வருடமாக உண்டு. நடந்தால் கனம், இருமினால் சிறுநீர். அதற்கு வைத்தியம் பார்ப்பது சரிதான். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “ஓவரியையும் எடுக்கிறாங்களா?”

அவள் விழித்தாள். “அது தெரியலையே மதினி. பையன்தான் பேசினான்.”

கை கழுவும் இடத்தில் பையனைப் பிடித்தேன். நல்ல பிள்ளை. பொறியாளர். அம்மாவை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறவன். “ஆமா அத்தை, ரெண்டு ஓவரியையும் சேர்த்து எடுத்துடுறாங்க. பின்னாடி கேன்சர் கீன்சர் வராது. அம்மாவுக்கு வயசாச்சு. இனி அது எதுக்கு?” என்றான்.

சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். அதில் நாலு பேர் பெண்கள்.

அந்த “இனி அது எதுக்கு” என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. ஆபரேஷனோடு சண்டை இல்லை, டாக்டர்களோடும் இல்லை. அது மருத்துவக் காரணமே கிடையாது. ஒரு பெண்ணின் உடம்பைப் பார்த்து, “பிள்ளை பெத்தாச்சு, வேலை முடிஞ்சுது” என்று கணக்கு முடிக்கிற வார்த்தை அது. அறுபது வயது ஆணிடம் எந்த டாக்டராவது, எந்த மகனாவது, “பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு, எடுத்துப் போட்டுடலாம்” என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஆஸ்பத்திரிக் கண்ணாடி உடையும்.

நான் டாக்டர் இல்லை. இடைநிலை ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்து, முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் இந்தக் கேள்வி என் வயிற்றிலேயே வந்தது. அதனால் படித்தேன், கேட்டேன், தெரிந்துகொண்டேன். படித்ததைச் சொல்கிறேன்.

முதலில் என் கதை.

மூன்று வருடத்துக்கு முன், எனக்கு 61 வயது. மகள் வற்புறுத்தி ஒரு தனியார் மருத்துவமனையில் முழு உடல் பரிசோதனை எடுத்தேன். வயிற்றில் வலியில்லை, வீக்கமில்லை, ஒன்றுமில்லை. ஸ்கேனில் இடது சினைப்பையில் 3.6 சென்டிமீட்டர் நீர்க்கட்டி என்று வந்தது. அடுத்த நாளே போன். “மேடம், கர்ப்பப்பை, ரெண்டு ஓவரி எல்லாத்தையும் எடுத்துடலாம். உங்களுக்கு ஓய்வூதியர் காப்பீடு இருக்குல்ல?” கட்டி எப்படிப்பட்டது என்று கேட்டேன். “வயசுக்கு இனி அது தேவையில்லைதானே மேடம்” என்று பதில் வந்தது. நான் கேட்ட கேள்விக்கு அது பதிலா? பரீட்சையில் இப்படி எழுதினால் பூஜ்யம்தான் போடுவேன்.

பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். இரண்டு மணி நேரம் வரிசை. அங்கே ஒரு பெண் டாக்டர். வெளியே நாற்பது பேர் காத்திருக்க, எனக்காக ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஓ.பி. சீட்டின் பின்புறம் ஒரு பெருக்கல் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு டீச்சருக்கே கணக்கு! என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லோரும் இதைப் போட்டுவிடுவீர்கள். கேளுங்கள்.

ஸ்கேனில் ஐந்து அடையாளங்களைத் தேடுகிறார்கள். கட்டிக்குள் பல அறைகள் இருக்கிறதா? கெட்டியான சதைப்பகுதி இருக்கிறதா? இரண்டு பக்கமும் கட்டியா? வயிற்றில் நீர் கோர்த்திருக்கிறதா? வேறு இடத்துக்குப் பரவிய அடையாளம் உண்டா? எதுவும் இல்லையென்றால் 0. ஒன்று இருந்தால் 1. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. இது முதல் எண். மாதவிடாய் நின்ற பெண் என்றால் இரண்டாவது எண் 3. ரத்தத்தில் சிஏ 125 என்று ஒரு பரிசோதனை; அதில் வரும் அளவு மூன்றாவது எண். மூன்றையும் பெருக்க வேண்டும். விடை 200ஐத் தாண்டினால் புற்றுநோய் அறுவை நிபுணரிடம் போக வேண்டும் என்பது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவக் கல்லூரி சொல்கிற வழிகாட்டுதல்.

எனக்கு ஒரே அறை, மெல்லிய சுவர், உள்ளே வெறும் நீர். அடையாளம் எதுவும் இல்லை. சிஏ 125 அளவு 14. ஆக 0 x 3 x 14. விடை என்ன? பூஜ்யம். சாதாரண நீர்க்கட்டி, 5 சென்டிமீட்டருக்குக் கீழே, சிஏ 125 அளவு 35க்குள் இருந்தால், நாலு முதல் ஆறு மாதம் விட்டு மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்கிறது அதே வழிகாட்டுதல். நாலாம் மாதம் பார்த்தேன். வருடம் முடிந்ததும் பார்த்தேன். அப்படியே இருந்தது, பிறகு சிறுத்தது. இன்றைக்கு நான் அதை நினைப்பதே இல்லை.

இதையே திருப்பிப் போடுங்கள். ஒரு பெண்ணுக்குக் கட்டியில் சதைப்பகுதி இருக்கிறது, இரண்டு பக்கமும் இருக்கிறது, சிஏ 125 அளவு 40. அப்போது 3 x 3 x 40, அதாவது 360. அந்தப் பெண் “டீச்சரே சும்மா இருந்தாங்க” என்று வீட்டில் உட்கார்ந்தால் அதைவிடப் பெரிய முட்டாள்தனம் இல்லை. இரண்டு பேருக்கும் வயது ஒன்றுதான். இரண்டு பேரிடமும் “இனி அது எதுக்கு” என்றே சொல்லலாம். ஆனால் ஒருத்திக்கு விடை பூஜ்யம், இன்னொருத்திக்கு 360. அந்த வார்த்தைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதனால்தான் அது காரணம் ஆகாது என்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிஏ 125 கூடினால் உடனே புற்றுநோய் என்று அலற வேண்டாம். வயிற்றுக் காசநோய், கல்லீரல் நோய் இருந்தாலும் அது கூடும். நம் நாட்டில் காசநோய் கொஞ்சமா இருக்கிறது?

“சரி டீச்சர், எதற்கு இவ்வளவு யோசனை, பாதுகாப்புக்கு எல்லாப் பெண்களும் வருடா வருடம் ஸ்கேன் எடுத்து, சந்தேகம் வந்தால் வெட்டி எறிந்துவிடலாமே” என்பீர்கள். அமெரிக்காவில் அப்படிச் செய்தே பார்த்தார்கள். 78,000 பெண்களைக் கொண்ட ஆய்வு, 2011இல் முடிவு வந்தது. பரிசோதனை செய்துகொண்டவர்களில் 3,285 பேருக்கு நோயே இல்லாமல் ‘சந்தேகம்’ என்று வந்தது. அவர்களில் 1,080 பேர் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். அந்த ஆபரேஷனால் 163 பேருக்குக் கடுமையான சிக்கல் வந்தது. சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்கள் எண்ணிக்கை அதனால் குறைந்ததா என்றால், குறையவில்லை. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. அதிலும் இறப்பு குறையவில்லை. தொந்தரவு ஒன்றும் இல்லாத பெண்ணைக் கூப்பிட்டு, பயமுறுத்தி, மேஜையில் படுக்கவைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

இனி அடுத்த கேள்வி. மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை உண்மையிலேயே சும்மா கிடக்கிறதா? முட்டை விடுவது நிற்கிறது. ஆனால் கடையை முழுசாகச் சாத்திவிடுவதில்லை. ஆண்களுக்குத்தான் உண்டு என்று நாம் நினைக்கிற டெஸ்டோஸ்டிரோன் போன்ற சுரப்புகளைக் கொஞ்சம் சுரந்துகொண்டே இருக்கிறது. உடம்பின் கொழுப்புத் திசுவில் அதில் ஒரு பகுதி பெண் சுரப்பாக மாறுகிறது.

அதனால் எடுத்தால் கெடுதலா? இங்கேதான் நான் நேர்மையாக இருக்க வேண்டும். எனக்குச் சாதகமானதை மட்டும் சொன்னால் நானும் அந்தப் போன்காரரும் ஒன்றாகிவிடுவோம்.

அமெரிக்கச் செவிலியர்களை 1976 முதல் தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் கர்ப்பப்பை எடுத்த 29,380 பெண்களை 24 வருடம் பார்த்து, 2009இல் முடிவு வெளியிட்டார்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்தவர்களுக்குச் சினைப்பை, மார்பகப் புற்றுநோய் குறைந்தது. ஆனால் இதய நோயும் மொத்த இறப்பும் கூடியிருந்தது. இதைப் படித்ததும் “பார்த்தீர்களா!” என்று குதிக்கத் தோன்றும். பொறுங்கள். 2011இல் மாதவிடாய் நின்ற 25,448 பெண்களைப் பார்த்த இன்னொரு அமெரிக்க ஆய்வில் அப்படி எதுவும் கூடவில்லை. இதயத்திலும் இல்லை, இடுப்பெலும்பு முறிவிலும் இல்லை, இறப்பிலும் இல்லை. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இரண்டு லட்சம் பெண்களைப் பார்த்து 2021இல் சொன்னது இன்னும் தெளிவு: 50 வயதுக்குள் எடுத்தால் இறப்பு கூடுகிறது, 50க்கு மேல் எடுத்தால் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே 40, 45 வயதில், மாதவிடாய் ஓடிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் நல்ல சினைப்பையை “சேர்த்து எடுத்துடலாம்” என்றால், தக்க காரணம் காட்டாமல் விடாதீர்கள். எலும்பும் இதயமும் சம்பந்தப்பட்ட விஷயம் அது. 58 வயதில் கணக்கு வேறு. அங்கே லாபமும் நஷ்டமும் இரண்டுமே சிறியவை. மேலே சொன்ன 2011 ஆய்வில், ஏழெட்டு வருடத்தில் சினைப்பையை வைத்திருந்தவர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேருக்குச் சினைப்பைப் புற்றுநோய் வந்தது. எடுத்தவர்களில் அநேகமாக யாருக்கும் வரவில்லை. ஆயிரத்தில் மூன்று. அது பெரிசா சின்னதா? அதைச் சொல்ல வேண்டியது அந்தப் பெண். மகனோ தம்பியோ பந்தியில் நிற்கிற ஏழு பேரோ சொல்ல முடியாது. சிலர் ஆயிரத்தில் மூன்றை நினைத்துத் தூங்க மாட்டார்கள். சிலர், “997 பேரில் நான் ஒருத்தி” என்று போய்க்கொண்டே இருப்பார்கள். இரண்டு பேரும் சரிதான்.

இப்போது மறுபக்கம். இதே வார்த்தை எதிர்த் திசையிலும் கொல்லும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி உண்டு.

என் சித்தப்பா மகள். எனக்குத் தங்கை. 53 வயது. அவள் அம்மா சினைப்பைப் புற்றுநோயில் போனார். அக்காவுக்கு 43 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை எடுத்து, இன்று நன்றாக இருக்கிறாள். அந்த அக்காவுக்குச் சிகிச்சை கொடுத்த டாக்டர்தான், “குடும்பத்தில் இப்படி இருந்தால் மரபணுப் பரிசோதனை எடுக்க வேண்டும்” என்றார். எடுத்ததில் அக்காவுக்கும் தங்கைக்கும் பி.ஆர்.சி.ஏ. 1 என்ற மரபணுவில் கோளாறு.

சாதாரணமாக ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, அமெரிக்கக் கணக்கில் நூற்றுக்கு ஒன்றை ஒட்டியது. நம் நாட்டில் அதைவிடக் குறைவு. பி.ஆர்.சி.ஏ. 1 கோளாறு இருந்தால் அது நூற்றுக்கு நாற்பதை ஒட்டிப் போகிறது. பி.ஆர்.சி.ஏ. 2 என்றால் அதைவிடக் குறைவு, ஆனாலும் மற்றவர்களைவிடப் பல மடங்கு. ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி 2015இல் தன் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துக்கொண்டதாக அவரே பத்திரிகையில் எழுதினாரே, இதே பி.ஆர்.சி.ஏ. 1தான். அப்போது அவருக்கு 39 வயது. இந்தக் கோளாறு உள்ளவர்கள் பிள்ளை பெற்று முடித்ததும், 35இலிருந்து 40 வயதுக்குள் எடுத்துவிடுவது நல்லது என்பதே மருத்துவ ஆலோசனை. என் தங்கைக்கு அந்த வயது தாண்டிப் பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது.

டாக்டர் “எடுக்கணும்” என்றார். குடும்பம் என்ன சொன்னது தெரியுமா? “ஒரு தொந்தரவும் இல்லாத உடம்புல எதுக்குக் கத்தி வைக்கணும்?” “பையன் கல்யாணம் முடியட்டும்.” “காலம் போன காலத்துல இவளுக்கு இனி எதுக்கு இந்தச் செலவு?”

பாருங்கள், அதே வார்த்தை. ஓர் இடத்தில் சினைப்பையைப் பார்த்து “இனி எதுக்கு”. இன்னோர் இடத்தில் அந்தப் பெண்ணையே பார்த்து “இனி எதுக்கு”. வைத்தியம் வேண்டாத இடத்தில் கத்தி, வேண்டிய இடத்தில் கஞ்சத்தனம்!

எட்டு மாதம் இழுத்தார்கள். கடைசியில் அவளே பஸ் ஏறிப் போய்த் தேதி வாங்கிவந்தாள். நான் கூட இருந்தேன். நுண்துளை ஆபரேஷன், மூன்றாம் நாள் வீடு. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் புற்றுநோய் இல்லை என்று அறிக்கை வந்தது. உடனே சொந்தத்தில் ஒருவர், “பாத்தீங்களா, ஒண்ணுமில்லாததை எடுத்திருக்காங்க” என்றார்.

நானும் உங்களில் சிலரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து போலியோ சொட்டு மருந்து போட்டோமே, நினைவிருக்கிறதா? ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாய்ப் போனோமே. அந்தப் பிள்ளைகளுக்குப் போலியோ வரவில்லை. அதனால் சொட்டு மருந்து வீண் என்று சொல்வோமா? வராமல் இருக்கத்தானே போட்டோம்.

இந்தக் கோளாறு அம்மா வழியில் மட்டும் வருவதில்லை, அப்பா வழியிலும் வரும். “அப்பா கூடப்பிறந்த அத்தைக்கு வந்தது, நமக்கென்ன” என்று இருக்காதீர்கள். அத்தை, பாட்டி, அப்பாவின் சித்தி எல்லோரையும் எண்ணிப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. நிறையப் பேருக்குத் தெரியாது. சினைப்பைப் புற்றுநோய் என்று நாம் சொல்வதில் மிகக் கொடிய வகை பல நேரங்களில் சினைப்பையில் ஆரம்பிப்பதில்லை. கருக்குழாயின் நுனியில் ஆரம்பிக்கிறது என்று இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால் சாதாரண ஆபத்துள்ள பெண்ணுக்கு வேறு காரணத்துக்காகக் கர்ப்பப்பை எடுக்கும்போது, குழாய்களை மட்டும் எடுத்துவிட்டுச் சினைப்பைகளை விட்டுவைக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2010 முதல் இதைச் சொல்லிவருகிறார்கள். எல்லாவற்றையும் எடு, அல்லது ஒன்றையும் எடுக்காதே என்று இரண்டே வழி இல்லை.

இப்போது கையெழுத்து விஷயம். மகன்களே, மருமகன்களே, இது உங்களுக்கு.

டெல்லியில் 1995இல் 44 வயதுப் பெண் ஒருவர் உதிரப்போக்குக்காக மருத்துவமனைக்குப் போனார். வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்ப்பதற்குத்தான் சம்மதம் கொடுத்தார். மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய வயதான தாயிடம் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பை, இரண்டு சினைப்பை, குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 ஜனவரியில் தீர்ப்பு. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவுள்ள, வயது வந்த பெண்ணின் சம்மதத்துக்குப் பதிலாக வேறு யாருடைய சம்மதமும் செல்லாது, தாயுடையதும் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. ஒன்றைப் பார்ப்பதற்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றை எடுப்பதற்குச் சம்மதம் ஆகாது என்றும் சொன்னது.

பெற்ற தாய் போட்ட கையெழுத்தே செல்லாது என்றால், மகன் போட்டது எப்படிச் செல்லும்? தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவு போட்டது. உத்தரவு போட வேண்டிய நிலைமை வந்தது ஏன் என்று யோசியுங்கள். நம் வீடுகளில் யாரும் கேள்வி கேட்கவில்லை. அதுதான் காரணத்தில் பாதி.

“டீச்சர், டாக்டரிடம் கேட்டால் கோபப்படுவாரே” என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது ஓ.பி. சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டியவர் கோபப்பட்டாரா? கோபப்பட்டால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்:

1. எதை எதை எடுக்கப் போகிறீர்கள்? கர்ப்பப்பை, குழாய், சினைப்பை என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். காகிதத்திலும் அப்படியே எழுதுங்கள்.

2. சினைப்பையில் கட்டி இருக்கிறதா? இருந்தால் எத்தனை சென்டிமீட்டர், எத்தனை அறை, சதைப்பகுதி உண்டா, சிஏ 125 எவ்வளவு, பெருக்கினால் எவ்வளவு?

3. என் குடும்பத்தில் இன்னின்னாருக்குப் புற்றுநோய் வந்திருக்கிறது. எனக்கு மரபணுப் பரிசோதனை தேவையா?

4. சினைப்பையை எடுத்தால் எனக்கு என்ன நன்மை, என்ன கெடுதல்? எடுக்காவிட்டால் என்ன? காத்திருந்தால் எப்போது மறுபடி ஸ்கேன்?

5. குழாயை மட்டும் எடுத்தால் எனக்குப் போதுமா?

கூடவே இன்னொன்று. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் உடம்பு சொல்வதைக் கேளுங்கள். வயிறு உப்பிக்கொண்டே இருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் என்று இரண்டு மூன்று வாரம் விடாமல் இருந்தால், “கேஸ்” என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் போங்கள். வருடக்கணக்காக வாய்மூடி இருந்து பழகியவர்கள் நாம். இந்த விஷயத்தில் அந்தப் பழக்கம் ஆகாது.

தம்பி மனைவி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள்.

செவ்வாய்க்கிழமை அந்தத் தாளோடு நானும் அவளும் போனோம். மகனும் வந்தான். இந்த முறை அவனை நாற்காலியில் பின்னால் உட்காரச் சொன்னேன். அவள்தான் கேட்டாள். முதல் கேள்விக்குக் குரல் நடுங்கியது. மூன்றாவது கேள்வியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டாக்டர் பொறுமையாகவே பதில் சொன்னார். முன்னால் ஏன் சொல்லவில்லை என்றால், முன்னால் யாரும் கேட்கவில்லை. கட்டி எதுவும் இல்லை, குடும்பத்தில் யாருக்கும் இல்லை, எடுக்கவும் செய்யலாம், விடவும் செய்யலாம், குழாயை மட்டும் எடுத்துவிட்டுச் சினைப்பையை வைத்துக்கொள்வதும் நல்ல வழிதான் என்றார். இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள்.

அவள் சினைப்பையை விட்டுவைப்பாள் என்றுதான் நான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், விரும்பினேன். நேற்றுப் போன் செய்தாள். “மதினி, ரெண்டையும் எடுத்துடச் சொல்லிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா அந்த நோயில கஷ்டப்பட்டுப் போனதை ஆறு மாசம் பாத்தவ நான். எனக்கு அந்த ஆயிரத்துல மூணே அதிகம். நீங்க கோபப்படாதீங்க.”

எனக்கு எதற்குக் கோபம்? பதினைந்து நாளுக்கு முன் அவள் உடம்பில் எதை எடுக்கப் போகிறார்கள் என்றே அவளுக்குத் தெரியாது. இன்று என்ன எடுக்கிறார்கள், ஏன் எடுக்கிறார்கள், எடுக்காமலும் இருக்கலாம் என்பது எல்லாம் தெரிந்து சொல்கிறாள். ஆபரேஷன் ஒன்றுதான். ஆனால் “இனி அது எதுக்கு” என்று மகன் முடிவு செய்ததும், “எனக்கு இது வேண்டாம்” என்று அவள் முடிவு செய்ததும் ஒன்றில்லை. நான் கேட்டது அவ்வளவுதான்.

காகிதங்களை மகன் அவளிடம் கொடுத்துவிட்டானாம். கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தாளாம். ஆங்கிலத்தில் இருந்ததை அவன் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லியிருக்கிறான். கையெழுத்து அவள்தான் போட்டாள்.

வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். நல்லபடியாக முடிய எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் அம்மாவுக்கோ, அத்தைக்கோ, மனைவிக்கோ இப்படி ஒரு தேதி குறித்திருந்தால், இன்று இரவே அவரிடம் ஒன்று கேளுங்கள்: “என்ன எடுக்கப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?” தெரியாது என்றால், தேதி காத்திருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்